ஆவடியில் ஒரு மலைச்சரிவு



ஆவடி என்றவுடன் உங்கள் மனக்கண்ணில் எழுவது என்ன? டாங்கிகள் செய்யும் தொழிற்சாலை, பயிற்சி முகாம்கள், காலையும் மாலையும் மூச்சுமுட்ட மனிதர்களை ஏற்றிச் செல்லும் மின்சார ரயில். வரலாறு படித்தோருக்கு 1955 ஜனவரியில் இங்குக் கூடிய காங்கிரஸ் மாநாடு நினைவுக்கு வரலாம். மலர்த் தோட்டம் எவருக்கும் நினைவுக்கு வராது. அதிலும், பனிமலையின் பாறை இடுக்குகளில் பூக்கும் செடிகளுக்கும் இவ்வூருக்கும் என்ன உறவு என்று நீங்கள் வினவினால், அவ்வினா நியாயமானதே.

ஆயினும், ஆவடியின் ஒரு தெருவில், எங்கள் வீட்டுக் கிணற்றடியை அடுத்து, எட்டடி நீளமும் நான்கடி அகலமும் உடைய ஒரு சிறு மலைச்சரிவு இருக்கிறது. அதைக் காண உங்களை அழைக்கின்றேன். ஆனால் நேர்வழியில் அழைத்துச் செல்ல இயலாது. முதலில் குன்னூருக்குச் சென்று, பிறகுதான் ஆவடிக்குத் திரும்ப வேண்டும். நானும் அவ்வாறுதான் அந்தச் சரிவை அடைந்தேன். அதற்கு எனக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிடித்தன.

குன்னூர்க் கற்சுவர்

சென்னை சென்ட்ரலிலிருந்து இரவில் புறப்படும் நீலகிரி விரைவு ரயில் ஆவடியைக் கடக்கும்போது நீங்கள் இன்னும் படுக்கையை விரித்திருக்க மாட்டீர்கள். விடிந்தால் மேட்டுப்பாளையம். அங்கிருந்து மலை ரயில் பல்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு ஏறத் தொடங்கும். 1899இல் குன்னூர் வரையிலும் 1908இல் உதகை வரையிலும் அமைந்த பாதை அது. 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ஏறக்குறைய 330 மீட்டர் உயரத்தில் தொடங்கி, 46 கிலோமீட்டர் தொலைவுக்குள் 2,200 மீட்டருக்கு ஏறிவிடுகிறது. கல்லாற்றுப் பாக்குத் தோப்புகளில் உங்கள் சட்டை வியர்வையில் நனைந்திருக்கும். ஹில்குரோவைத் தாண்டிய பின் அதே சட்டையின் மேல் ஒரு கம்பளியைத் தேடுவீர்கள். இந்த ஒரு மாற்றத்தை நன்கு மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நான் சொல்லவிருக்கும் செய்தி முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

நான் குன்னூரில் பிறந்தவள். அத்தா ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கெழுதினார்கள். எங்கள் வீடு சரிவில் இருந்தது. மண் சரியாமல் இருப்பதற்காக, சாந்து பூசாமல் கல்லின்மேல் கல் அடுக்கிய சுவரொன்று முற்றத்தைத் தாங்கி நின்றது. அந்தச் சுவர்தான் அம்மாவின் தோட்டம். கல் இடுக்குகளில் தடித்த சிற்றிலைகள் கொண்ட சீடம், தேன் மணக்கும் வெண்ணிற அலிசம், கிராம்பு வாசனை வீசும் டயாந்தஸ், காட்டு ஸ்ட்ராபெர்ரி ஆகியவை செழித்திருந்தன. அக்காலத்து ஆங்கிலேயர் வீட்டுத் தோட்டங்களிலிருந்து கைமாறிக் கைமாறி வந்த செடிகள் அவை.

மாசி பிறந்து, இரவின் உறைபனி விலகியவுடன் அம்மா அவர்கள் சுவரின் முன் அமர்ந்துவிடுவார்கள். பனியில் கருகிய தண்டுகளைக் கிள்ளி எறிவார்கள். மழையில் கரைந்துபோன இடுக்குகளில் மணல் கலந்த மண்ணை விரலால் அழுத்தி நிரப்புவார்கள். ஒடித்த கொம்புகளை அவ்விடுக்குகளில் செருகி, ஒவ்வொன்றின் கழுத்தைச் சுற்றியும் பொடிக்கல்லைப் பரப்புவார்கள். “கழுத்து நனையக் கூடாது, கால் காயக் கூடாது” என்பது அவர்களின் வாக்கு. அதன் பொருள் எனக்கு அன்று விளங்கவில்லை.

உயர்மலைச் செடி என்பது எது?

குன்னூர் வரை வந்த நீங்கள் உதகையையும் கண்டுவிட வேண்டும். (2024 மே மாதம் முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்குள் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்ததை மறவாதீர்கள்.) அங்குள்ள அரசு தாவரவியல் பூங்கா 1848இல் தொடங்கப்பெற்றது. இலண்டன் கியூ தோட்டத்தில் பயின்ற மக்ஐவர் என்பவர் அதை உருவாக்கினார். பூங்காவைக் கண்டபின் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவுக்கு ஏறுங்கள். இளவேனிலுக்குச் சற்று முன்பாகச் சென்றால், குட்டையாக முறுகிய மரங்களில் இரத்தச் சிவப்பான பூங்கொத்துகளைக் காணலாம். காட்டுப்பூவரசு என்று நம்மவர் அழைக்கும் ரோடோடென்ட்ரான் அது. அதன் உடன்பிறப்புகள் ஈராயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இமயமலையில் வாழ்கின்றன.

ஆனாலும், தாவர நூலார் உயர்மலைச் செடி என்று குறிப்பது இதனையும் தாண்டிய ஒன்று. மரங்கள் வளரக்கூடிய எல்லை முடிந்த பிறகு, பனிப்பாறைக்கும் காட்டுக்கும் இடையிலுள்ள வெட்டவெளியில் வாழ்பவையே அவை. உத்தராகண்டில் 3,000 மீட்டருக்கு மேலுள்ள மலர்ப் பள்ளத்தாக்கு அத்தகைய இடம். நீலகிரியில் நிலைத்த பனி இல்லை. ஆகவே உண்மையான உயர்மலைச் செடிகளுக்கு அது வாயிற்படி மட்டுமே.

அவற்றின் வாழ்க்கை வியப்பிற்குரியது. காற்றுக்கு அஞ்சித் தரையோடு தரையாக, மெத்தை போலப் படர்கின்றன. சாண் உயரச் செடிக்கு முழ நீள வேர் இருக்கும். அது பாறைப் பிளவின் ஆழத்தில் ஈரத்தைத் தேடிச் செல்லும். குளிர்காலம் முழுவதும் பனிப்போர்வை அதன்மேல் கிடக்கிறது. போர்வைக்குள் செடி நனைவதில்லை, உறைந்து சாவதுமில்லை, உறங்குகிறது. வசந்தத்தில் பனி உருகியவுடன் ஓரிரு மாதங்களுக்குள் பூத்துக் காய்த்து விதைத்து முடித்துக்கொள்கிறது.

பிஸ்கட் டின்னில் வந்தவை

1987இல் திருமணமாகி நான் ஆவடிக்கு வந்தேன். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையொன்றில் என் கணவருக்கு வேலை. சமவெளி வெயில் எனக்குப் புதிது. முதல் சித்திரையில் வீட்டுக்குள் ஈரத் துணியைத் தலையில் சுற்றிக்கொண்டு படுத்திருந்தது நினைவிருக்கிறது. யாரிடமும் குறை சொல்லவில்லை. ஆனால் ஆண்டுதோறும் பள்ளி விடுமுறையில் தாய்வீடு சென்று திரும்பும்போது, ஒரு பிஸ்கட் டின்னில் அம்மாவின் சுவரிலிருந்து நான்கைந்து செடிகளை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவருவேன்.

கொண்டுவந்தவை ஒரு திங்கள்கூடத் தங்கியதில்லை. நிழலில் வைத்தேன், ஒரு நாளைக்கு மூன்று வேளை நீர் வார்த்தேன், மண்பானையைச் சுற்றி ஈரக் கோணியைக் கட்டினேன். இலை மஞ்சளாகி, தண்டு கறுத்து, ஒரு காலையில் தொட்டவுடன் கையோடு வந்துவிடும். என் கணவர் ஒன்றும் சொல்லமாட்டார். அடுத்த ஆண்டு டின்னை அவரே எடுத்து வைப்பார். ஒவ்வொரு செடி மடியும்போதும் தாய்வீட்டில் ஏதோ ஒன்று குறைந்துவிட்டதாக எனக்குத் தோன்றும். சகோதரிகளே, வேறூரில் வாழ்க்கைப்பட்ட உங்களில் பலருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒருமுறை அம்மா ஆவடிக்கு வந்திருந்தார்கள். வாடிய தொட்டியைக் கையில் எடுத்து, மண்ணை மோந்து பார்த்தார்கள். “இது தாகத்துல சாகல, மகளே. நீ ஊத்துன தண்ணிலதான் செத்துச்சு” என்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்பு காட்டியதே குற்றமா என்று கேட்டேன். அம்மா சிரித்துவிட்டு, தொட்டியைக் கவிழ்த்துக் கொட்டினார்கள்.

அவர்கள் சொன்னது முற்றிலும் உண்மை. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறைகிறது. அந்தக் கணக்கின்படி உதகைக்கும் ஆவடிக்கும் இடையே பதினான்கு டிகிரி வேறுபாடு. பகல் வெயிலைவிட நம் இரவுதான் அச்செடிகளுக்குப் பகை. பகலில் வெயிலைக் கொண்டு சமைத்த உணவை, செடி இரவில் மூச்சுவிட்டுச் செலவழிக்கிறது. இரவு வெப்பமாக இருந்தால் செலவு பெருகும். வரவு குறைந்து செலவு மிகுந்த குடும்பம் என்னவாகும்? அச்செடியும் அவ்வாறே மெலிகிறது. மெலிந்த செடியின் வேரைச் சூடான ஈர மண்ணில் ஊறவைத்தால், வேருக்குக் காற்றுக் கிடைப்பதில்லை. பூஞ்சணம் பிடித்து அழுகுகிறது. “கழுத்து நனையக் கூடாது” என்ற வாக்கின் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கூரையில் மலர்ந்த லாலா

மலைச்செடியை வீட்டருகே காண விரும்பியது நான் மட்டுமன்று. காஷ்மீரத்தின் பழைய வீடுகளுக்கும் பள்ளிவாசல்களுக்கும் கூரை வேய்ந்த முறையை அறிவீர்களா? மரப்பலகையின்மேல் பூர்ஜ மரப்பட்டைகளை அடுக்கி, அதன்மேல் மண்ணைப் பரப்பினார்கள். பட்டை நீரை உள்ளே விடாது. மண் குளிரை உள்ளே விடாது. குளிர்காலமெல்லாம் பனி மூடிக்கிடந்த அக்கூரைகளில் வசந்தம் வந்ததும் லாலா எனப்படும் துலிப் மலர்கள் பூத்தன. 1620ஆம் ஆண்டு வசந்தத்தில் அங்குச் சென்ற பேரரசர் ஜஹாங்கீர், பள்ளிவாசலின் கூரைமீது மலர்கள் செழித்திருந்ததைக் கண்டு மகிழ்ந்து, தம் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அவருடைய ஓவியர் உஸ்தாத் மன்சூர் காஷ்மீர மலர்கள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை வரைந்ததாகவும் அதில் குறித்துள்ளார்.

காஷ்மீரத்தாருக்கு மலை அருகில் இருந்தது. மலையே இல்லாத இலண்டன் நகரத்தார் என்ன செய்தார்கள்? செல்சியிலுள்ள மூலிகைத் தோட்டத்தில் 1773இல் ஒரு பாறைத் தோட்டம் அமைத்தார்கள். ஜோசப் பாங்க்ஸ் ஐஸ்லாந்திலிருந்து கொண்டுவந்த எரிமலைக் கற்களும், இலண்டன் கோட்டையின் பழங்கற்களும் அதில் அடுக்கப்பட்டன. கியூ தோட்டத்தில் 1882இல் மற்றொன்று எழுந்தது. அங்குக் குளிர் உண்டு. ஆனால் குளிர்கால மழை மிகுதி. எனவே அவர்கள் முதலில் கற்றுக்கொண்டது செடியை வளர்ப்பதை அன்று, நீரை வடிப்பதை. உடைகல், மணல், சரிவு ஆகிய மூன்றையும் கொண்டு மலையின் வடிகாலை உண்டாக்கிய பிறகே செடியை நட்டார்கள்.

இதைப் படித்தறிந்தபோது எனக்கு ஓர் எண்ணம் பிறந்தது. மலையின் குளிரை ஆவடிக்குக் கொண்டுவர என்னால் இயலாது. மலையின் சரிவையும் வடிகாலையும் கொண்டுவர இயலுமல்லவா?

மூன்று கற்கள்

2016இல் அம்மா வஃபாத்தானார்கள். இரண்டாண்டுகள் கழித்து, கோவையில் குடியேறிவிட்ட என் தம்பி குன்னூர் வீட்டை விற்க முடிவு செய்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. வெற்று வீட்டை யார் காப்பது? “அக்கா, வேண்டிய செடியை எல்லாம் எடுத்துக்கொள்” என்றான். நான் சுவரின் முன் நெடுநேரம் நின்றேன். எடுத்தால் அவை மடியும் என்பது எனக்குத் தெரியும். இனி மறு ஆண்டு வந்து எடுக்கவும் இயலாது. ஆகவே செடிகளை அவற்றின் இடத்திலேயே விட்டுவிட்டு, சுவரின் மேல் வரிசையிலிருந்து மூன்று கற்களை மட்டும் அரிசிக் கோணியில் கட்டிக்கொண்டேன். மேட்டுப்பாளையத்தில் அதைத் தூக்கிய சுமைகூலித் தொழிலாளர், “உள்ளே என்னம்மா?” என்று கேட்டார். “கல்” என்றேன். என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சரிவு எழுந்த விதம்

நீங்களும் செய்து பார்க்க விரும்பினால் முறையைச் சொல்கிறேன். காலை வெயில் விழும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மொட்டைமாடி வேண்டாம், காஷ்மீரத்தார் அதற்கென்றே தடித்த உத்தரமிட்டார்கள், நம் மாடிகள் பாறைச் சுமைக்குக் கட்டப்பட்டவை அல்ல. தரையில் முதலில் ஓரடி உயரத்திற்கு உடைந்த செங்கல்லையும் பெருஞ்சல்லியையும் கொட்டுங்கள். அதன்மேல் ஒரு பங்கு செம்மண், இரண்டு பங்கு பருமணல், அரைப் பங்கு நன்கு மட்கிய தொழுவுரம் கலந்து, பின்புறம் உயர்ந்தும் முன்புறம் தாழ்ந்தும் இருக்குமாறு சரிவாக நிரப்புங்கள்.

கற்களை மண்ணின்மேல் சும்மா வைத்துவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்காவது புதையட்டும். ஒவ்வொரு கல்லும் சற்றே பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் மழைநீர் கல்லின் முகத்தில் வழிந்து, பின்னாலுள்ள வேருக்குச் செல்லும். பகலில் கல்லின் மேற்பரப்பு கொதித்தாலும் அதன் அடிமண் குளிர்ந்தே இருக்கும். வேர் அங்கே அடைக்கலம் தேடும். நட்ட பின் இரண்டு விரல் கனத்திற்குப் பொடிச்சல்லியைப் பரப்புங்கள். செடியின் கழுத்து காய்ந்திருக்கும், வேர் காயாது. அம்மாவின் வாக்கு ஆவடிக்கும் பொருந்தும்.

எப்போது நடுவது? ரபீயுல் அவ்வல் என்னும் மாதப் பெயரில் உள்ள ‘ரபீஉ’ என்ற சொல்லுக்கு வசந்தம் என்பது பொருள். சந்திரக் கணக்கில் அம்மாதம் எல்லாப் பருவங்களையும் சுற்றிவருவதை அறிவீர்கள். நம் ஊர்த் தோட்டத்தின் வசந்தமும் மேனாட்டு நாட்காட்டிக்குக் கட்டுப்படுவதில்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மண்ணில் ஈரமும் காற்றில் இதமும் உள்ள தை, மாசியே பாறைத் தோட்டத்திற்கு உரிய நடவுக்காலம். சித்திரை வெயில் வருவதற்குள் வேர் கல்லுக்கு அடியில் குடிபுகுந்துவிடும்.

நம் பாறைகளின் பிள்ளைகள்

எதை நடுவது? இமயத்தைத் தேடாதீர்கள், நம் கரடுகளையும் காய்ந்த குன்றுகளையும் பாருங்கள். வாள் போன்ற இலையுடன் நிமிரும் மருள், கல்லைத் தழுவிப் படரும் பிரண்டை, சிற்றூர்ப் பிள்ளைகள் பறித்துத் தின்னும் கள்ளிமுளையான் ஆகியவை வெயிலுக்கு அஞ்சாதவை. பனிமலைச் செடிக்குப் பனி எதுவோ, அதுவே இவற்றுக்குக் கோடை. உறங்கிக் கடக்கத் தெரிந்தவை. காட்டிலிருந்து பிடுங்காதீர்கள், ஒரு கொம்பை அண்டை வீட்டாரிடம் கேட்டால் தருவார்கள், இல்லையேல் நர்சரியில் கிடைக்கும்.

அயல்நாட்டு விருந்தினரும் உண்டு. சோற்றுக்கற்றாழையும், இலையிலிருந்தே குஞ்சு பொரிக்கும் ரணகள்ளியும் அவ்வகையே. மடகாஸ்கர் தீவிலிருந்து வந்து, நம் மதிற்சுவர் வெடிப்பிலும் பூக்கும் நித்தியகல்யாணி. தென்னமெரிக்காவிலிருந்து வந்த பத்துமணிப் பூ. எல்லாவற்றுக்கும் மேலாக அடீனியம். ஏடன் துறைமுகத்தின் பெயரால் அழைக்கப்பெறும் இச்செடி, அரபு நாட்டின் தென்கோடியிலும் ஆப்பிரிக்காவிலும் கொதிக்கும் பாறைகளில் வளர்வது. பருத்த அடித்தண்டில் நீரைச் சேமித்துக்கொண்டு, நாம் வியர்த்துச் சோரும் கோடையில் இளஞ்சிவப்பாகப் பூக்கும். அடீனியத்தின் பாலும் கள்ளிகளின் பாலும் நஞ்சு. குழந்தைகள் கைக்கு எட்டாமல் மேல் வரிசையில் நடுங்கள், தொட்டால் கையைக் கழுவுங்கள். கோடையில் நான்கு நாட்களுக்கு ஒருமுறை நீர் போதும். மழைக்காலத்தில் ஊற்றவே வேண்டாம்.

இச்சரிவு ஒரு சோதனையையும் கண்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் இரண்டு நாட்கள் நீர் நின்றது. தொட்டிச் செடிகள் யாவும் மிதந்து போயின. சரிவின் கீழ் வரிசையிலிருந்த கற்றாழையும் அழுகிவிட்டது. நீர் வடிந்ததும் மேல் வரிசை காய்ந்து நின்றது. அந்தப் பங்குனியில் அடீனியம் வழக்கத்தைவிட மிகுதியாகப் பூத்தது.

எல்லாம் வெற்றி என்று உங்களை ஏமாற்ற மாட்டேன். சென்ற தையில் ஆசை விடாமல் ஒரு டயாந்தஸ் நாற்றை வாங்கி நட்டேன். மாசி முழுவதும் பூத்தது. கிராம்பு வாசனை முற்றத்தில் வீசியது. பங்குனி நடுவில் போய்விட்டது. இம்முறை நான் வருந்தவில்லை. வந்த விருந்தாளி விடைபெற்றதாக எண்ணிக்கொண்டேன்.

விடுமுறைக்கு வந்த பேத்தி சரிவின் முன் குந்தியமர்ந்து, “நன்னி, இதுல எது உங்க குன்னூரிலிருந்து வந்தது?” என்று கேட்டாள். பாசி படிந்த தடம் இன்னும் மறையாத அந்த மூன்று கற்களைக் காட்டினேன். அவற்றின் இடுக்கில் பிரண்டை வேர் பிடித்திருந்தது. “கல்லு மட்டும்தானா?” என்றாள் ஏமாற்றத்துடன். அவளுடைய கையில் ஒரு பிடி பொடிச்சல்லியைக் கொடுத்து, புதிதாக நட்ட செடியின் கழுத்தைச் சுற்றிப் பரப்பச் சொன்னேன். அம்மா எனக்குச் சொன்னதை அவளுக்கும் சொன்னேன்.

வாசகர்களே, மழை ஓய்ந்த பின் உங்கள் வீட்டு மூலையில் கிடக்கும் உடைகல்லை வீசிவிடாமல் எடுத்து வையுங்கள். இன்ஷா அல்லாஹ், வரும் தையில் நீங்களும் ஒரு சிறு சரிவை எழுப்பலாம்.